செவிப்பறையை எட்டாத எண்கள்

இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி இயர்பட்ஸ் விற்கும்போது அந்த விலைக்கு நியாயம் சொல்ல ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. ஒலியைச் சுருக்கிக் கம்பியின்றி அனுப்பும் எல்டாக் கோடெக் உண்டு. நொடிக்கு 990 கிலோபிட் வரை தரவு பாயும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கையாளும். பெட்டியின் மேல் ‘ஹை-ரெஸ் ஆடியோ வயர்லெஸ்’ முத்திரை இருக்கும். கடைக்காரரும் காணொளி விமர்சகரும் விவரம் தெரிந்த நண்பரும் இதே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் ஒலி உயர்ந்தது, சிறிதாக இருந்தால் ஒலி தாழ்ந்தது என்ற முடிவு யாரும் கேள்வி கேட்காத பொதுப்புத்தியாகிவிட்டது. அந்தக் கோடெக் இல்லாத ஏர்பாட்ஸ் போன்றவை ‘பாட்டுக் கேட்பவர்களுக்கானவை அல்ல’ என்று ஒரே வரியில் ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பொதுப்புத்தி தவறு. எண்கள் பொய்யல்ல, ஆனால் அவை அளப்பது போனிலிருந்து கிளம்பும் தரவை. கேட்பவருக்குக் கிடைப்பதோ செவிப்பறையை எட்டும் ஒலி. இரண்டுக்கும் நடுவில் காதுக்குழாயின் வடிவமும், அதை அடைக்கும் சிலிகோன் டிப்பும், ஒலியைச் சமன்படுத்திய பொறியாளரின் தீர்ப்பும், தெருவின் இரைச்சலும், நாளுக்கு நாள் தேயும் பேட்டரியும் நிற்கின்றன. செவிப்பறையை என்ன எட்டுகிறது, எத்தனை ஆண்டுகள் எட்டுகிறது என்ற இரண்டு கேள்விகளால்தான் விலையுயர்ந்த இயர்பட்ஸை மதிப்பிட வேண்டும்.

முதலில் அந்த எண்களையே அவற்றின் சொந்தக் களத்தில் சோதிப்போம். குறுந்தகடு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியப்படுகிறது. இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 4,608 கிலோபிட் வேண்டும். சோனி 2015இல் அறிமுகப்படுத்திய எல்டாக் அதன் உச்ச நிலையில் கடத்துவது 990 கிலோபிட். அதாவது ‘24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்’ என்று பெட்டியில் அச்சிட்ட ஒலியின் மூலத் தரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சியதைக் கோடெக் சுருக்கி, காதுக்குத் தெரியாது என்று கணித்த விவரங்களைக் கழித்துவிடுகிறது. இது குற்றமல்ல, சுருக்கும் கோடெக்குகளின் வேலையே அதுதான். ஆனால் ஏர்பாட்ஸில் ஓடும் ஏஏசி கோடெக்கும் இதே வேலையைத்தான், இதைவிடக் குறைந்த தரவில், இன்னும் கூர்மையான கணிப்போடு செய்கிறது. ஒன்றைத் தூய ஒலி என்றும் மற்றதை மட்டமான ஒலி என்றும் பிரிக்க அடிப்படை எதுவும் இல்லை. அந்த 990 கூட எப்போதும் கிடைப்பதில்லை. எல்டாக்குக்கு 330, 660, 990 என்று மூன்று நிலைகள் உண்டு. வைஃபையும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்ளும் இடங்களில், ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும், இணைப்பு அறுபடாமல் இருக்கப் போன் தானாகவே கீழ்நிலைக்கு இறங்குகிறது. ஐபோன் வைத்திருப்பவருக்கு எல்டாக் கிடைப்பதே இல்லை. என்ன விலை கொடுத்து எந்த நிறுவனத்தின் இயர்பட்ஸை வாங்கினாலும் அதில் பெரும்பாலும் ஏஏசிதான் ஓடும்.

அடுத்தது, இந்தக் கூடுதல் தரவு காதுக்குத் தெரிகிறதா என்பது. மனிதக் காது கேட்கும் எல்லை இளமையில் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருந்து வயதோடு இறங்குகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அனைத்தையும் பிடித்துவிடுகிறது. ஹை-ரெஸ் முத்திரை ஸ்பீக்கர்களிடமும் ஹெட்போன்களிடமும் கேட்கும் 40 கிலோஹெர்ட்ஸ் திறன், கேட்கவே முடியாத ஒரு பகுதிக்கான திறன். இது வெறும் கோட்பாட்டு வாதமல்ல, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு ஒலியின் பாதையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சுற்றொன்றை இடையில் செருகி, எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டார்கள். 554 முறை நடந்த தேர்வில் சரியான விடைகள் 276. காசைச் சுண்டிப்போட்டாலும் அந்த அளவுக்கே வரும். எதிர்த்தரப்பு நியாயமாக எடுத்துக்காட்டக்கூடிய ஆய்வும் ஒன்று உண்டு. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, மனிதர்களால் வேறுபாட்டைச் சிறிதளவு கண்டுபிடிக்க முடிகிறது என்றார். அவர் கண்ட மொத்த வெற்றி விகிதம் 52.3 விழுக்காடு. நல்ல பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்ற பிறகு எஞ்சுவது என்ன? பெரும்பாலும் அமைதியான அறையில், நல்ல கருவிகளோடு, வேறுபாட்டைத் தேடுவதற்காகவே உட்கார்ந்தவர்களுக்கும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே மிஞ்சியது விடை. மாநகரப் பேருந்தில் நின்றபடி பாட்டுக் கேட்பவரின் இருபத்தைந்தாயிரம் ரூபாயை இந்த நூலிழையில் தொங்கவிடுவது நியாயமல்ல.

“ஆனால் கோடெக்கை மாற்றியதும் வித்தியாசம் தெரிகிறதே” என்பது அடிக்கடி வரும் மறுப்பு. அப்படிச் சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளத் தேவையில்லை. எல்லாக் கருவிகளிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி கோடெக்கைப் பல கருவிகள் ஒரு காலத்தில் மிகக் குறைந்த தரவில் ஓட்டின. சலங்கையும் ஜால்ராவும் அதில் மணல் அரைப்பது போல் கேட்டது உண்மை. நல்ல நிலையில் ஓடும் எஸ்பிசி 328 கிலோபிட்டை எட்டும். அங்கே அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். மோசமான நிலையிலிருந்து போதுமான நிலைக்கு ஏறுவது பெரிய முன்னேற்றம். போதுமான நிலைக்கு மேல் ஏறுவது முன்னேற்றமே இல்லை என்னும் அளவுக்குச் சிறியது. முதலாவது அனுபவத்தை இரண்டாவதற்குச் சான்றாகக் காட்டுவதில்தான் பிழை இருக்கிறது. தவிர, கோடெக்கை மாற்றும்போது ஒலியின் அளவு ஒரு டெசிபல் கூடினாலும் அதைச் சத்தம் கூடியதாக அல்ல, தெளிவு கூடியதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. எது ஓடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் எதிர்பார்ப்பும் சேர்ந்து கேட்கிறது. ஒலி அளவைச் சமப்படுத்தி, பெயரை மறைத்து நடத்தாத ஒப்பீடு சான்றாகாது. நம் விமர்சனங்களில் அப்படி நடத்திய ஒப்பீட்டைக் காண்பது அரிது.

அப்படியானால் ஒலியைத் தீர்மானிப்பது எது? வயது வந்தவரின் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். திறந்த காதில் அது 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. நம் மூளை வாழ்நாள் முழுவதும் உலகை அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறது. இயர்பட்ஸ் குழாயின் வாயை அடைத்ததும் அந்த இயற்கை எழுச்சி போய்விடுகிறது. அதைப் பொறியாளர் மீண்டும் ஒலிக்குள் வைத்துத் தர வேண்டும். கொஞ்சம் குறைத்தால் பாடகரின் குரல் போர்வைக்குள் போய்விடும். கொஞ்சம் கூட்டினால் காதைக் குத்தும். டிப் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து, மேல்வரிசையில் இன்னொரு எழுச்சியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அடைப்பு. டிப்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் ஒரு சிறு கசிவு இருந்தால் போதும், கீழ்வரிசை ஒலி அதன் வழியே வெளியேறிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கனமான ‘தொம்’ மெலிந்து, வலந்தலையின் ஓசை மட்டும் மிஞ்சும். இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் தனியொரு மெட்டாக நகர்வதைக் கொண்டாடும் தமிழ் ரசிகருக்கு அந்த மெட்டே காணாமல் போகும். எல்டாக்குக்கும் ஏஏசிக்கும் இடையே பயிற்சி பெற்ற காது தேடிக் காண வேண்டிய வேறுபாடு எங்கே, டிப்பின் அளவு மாறியதும் எந்தக் காதும் உடனே உணரும் இந்த வேறுபாடு எங்கே! ஆயினும் பெட்டியில் முதலாவதுக்கு முத்திரை இருக்கிறது. இரண்டாவதுக்கு, கவனிக்கப்படாத ஒரு பொட்டலத்தில் கூடுதல் டிப்புகள் இருக்கின்றன.

ஒலிச்சமன் ரசனையைப் பொறுத்தது, அளக்க முடியாது, கோடெக் எண்ணாவது புறவயமானது என்பார்கள். இதுவும் தவறு. ஒலிக்கருவி நிறுவனமான ஹர்மனில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2010களில் நடத்திய ஆய்வுகளில், நிறுவனப் பெயரும் விலையும் தெரியாமல் கேட்டவர்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனார்கள். ஹெட்போன்களைக் கொண்டு அவர்கள் செய்த வகைப்பிரிப்பில் கேட்டவர்களில் 64 விழுக்காட்டினர் ஹர்மன் வரைந்த அதிர்வெண் வரைகோட்டையே விரும்பினர். 15 விழுக்காட்டினர் அதைவிடக் கூடுதல் பேஸையும், 21 விழுக்காட்டினர் அதைவிடக் குறைவான பேஸையும் கேட்டனர். ரசனை சிதறிக் கிடக்கவில்லை. ஒரு நடுவத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்த நடுவத்திலிருந்து ஒரு கருவி எவ்வளவு விலகுகிறது என்பதைச் செயற்கைக் காது வைத்து அளக்கலாம், அளக்கிறார்கள். அதுவும் எண்தான், செவிப்பறைக்கு அருகில் எடுத்த எண். விலையைப் பற்றியும் இதே களத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து, அதிர்வெண் சமனுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். காதுக்குள் செருகும் வகைகளும் அவற்றில் இருந்தன. ஆக, விலை ஒலிச்சமனுக்கு உத்தரவாதம் தரவில்லை, கோடெக்கும் தரவில்லை. அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்காமல் பெட்டியைப் படித்துச் சொல்வது மதிப்பீடு ஆகாது.

காதுக்குழாயைத் தாண்டி வெளியே வந்தால், இயர்பட்ஸ் உண்மையில் வாழும் இடம் தெரு. 16 பிட் ஒலியின் மிக மெல்லிய ஓசைக்கும் மிக உரத்த ஓசைக்கும் உள்ள தூரம் 96 டெசிபல். நல்ல இரைச்சல் நீக்கத்துக்குப் பிறகும் காதுக்குள் 45 டெசிபல் இரைச்சல் எஞ்சுவதாகக் கொள்வோம். அதற்கு மேல் அந்த 96 முழுவதையும் விரித்துக் கேட்க 141 டெசிபல் வரை போக வேண்டும். அதற்கு முன்பே காது வலி தாங்காது. தோராயமான கணக்குதான், ஆனாலும் 24 பிட் தரும் கூடுதல் தூரம் பயணத்தில் எவருக்கும் பயன்படாது என்பதைக் காட்ட இது போதும். பழைய திரைப்பாடல்களுக்கு அமைதியான வீட்டிலும் பயன்படாது. அவை பதிவான காந்த நாடாவின் சொந்த இரைச்சலே 16 பிட்டின் எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது. தெருவில் பயன்படுவது இரைச்சலைக் குறைக்கும் திறன். அதிலும் நுணுக்கம் உண்டு. எதிர் அலையை உண்டாக்கி ஒலியை அழிக்கும் மின்னணு முறை, என்ஜின் உறுமல், ஏசி முனகல் போன்ற கீழ்வரிசைத் தொடர் ஒலிகளில் நன்றாக வேலை செய்கிறது; சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தளர்கிறது. நம் சாலைகளின் ஹாரன் பெரும்பாலும் அதற்கு மேல்தான் அலறுகிறது. அதைத் தடுப்பது டிப்பின் அடைப்பு. மறுபடியும் அந்தச் சிலிகோன் துண்டுக்கே வந்து சேர்கிறோம்.

இது சுகத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் வரையறை வயது வந்தவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரமே மிஞ்சும். நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் பாதுகாப்பற்ற கேட்டலால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாகவும் அந்நிறுவனம் எச்சரிக்கிறது. வெளி இரைச்சலை வெல்லத்தான் மனிதர்கள் ஒலியை ஏற்றுகிறார்கள். வெளியைத் தடுக்கும் இயர்பட்ஸ் அந்தத் தேவையையே குறைக்கிறது. நாளெல்லாம் காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை மதிப்பிடும்போது இந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு கிலோபிட்டைப் பேசுவது பொறுப்பற்ற செயல்.

அன்றாடத்தில் பாட்டுக்கு நிகராக இயர்பட்ஸ் செய்யும் வேலை பேச்சு. இங்கே எல்டாக்கின் 990க்கு வேலையே கிடையாது. வழக்கமான புளூடூத்தில் மைக் திறந்தவுடன் இசைக்கான பாதை மூடி, அழைப்புக்கான பாதை திறக்கிறது. அதில் ஒலி நொடிக்கு 16,000 மாதிரிகளுக்கு இறங்குகிறது; பழைய முறையில் 8,000. மடிக்கணினியில் கூட்டத்துக்குள் நுழைந்ததும் விலையுயர்ந்த இயர்பட்ஸ் சட்டென்று பழைய தொலைபேசி போல் ஆகிவிடுவது இதனால்தான். 2020இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூடூத் முறையான எல்இ ஆடியோவும் அதன் எல்சி3 கோடெக்கும் குறைந்த தரவிலேயே பேச்சையும் இசையையும் நன்றாகக் கடத்த வடிவமைக்கப்பட்டவை. அன்றாடத்துக்கு உண்மையில் பயன்படும் கோடெக் வளர்ச்சி இந்தத் திசையில் இருக்கிறது. காற்றடிக்கும் இடத்தில் மைக் நம் குரலைத் தனியே பிரித்தெடுக்கிறதா, எதிர்முனையில் இருப்பவர் “சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்கிறாரா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி.

இனி இரண்டாவது அளவுகோல்: எத்தனை ஆண்டுகள்? ஒரு போனின் பேட்டரி 5,000 மில்லியாம்பியர்-மணி அளவில் இருந்தால், இயர்பட்ஸ் ஒவ்வொன்றிலும் இருப்பது பெரும்பாலும் நூறுக்குக் கீழே. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினாலே கொள்ளளவில் தேய்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. நாள்தோறும் தீரும் சிறிய பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டைப் பாதியில் நிறுத்தத் தொடங்குவது இயற்பியலின் முடிவு. அதை மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டுவது நிறுவனத்தின் முடிவு. பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் 2016இல் ஏர்பாட்ஸையும் 2019இல் ஏர்பாட்ஸ் புரோவையும் பிரித்துப் பார்த்துப் பழுதுபார்க்கும் தகுதிக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு 2024இல் வந்த ஃபேர்பட்ஸ் சான்று: அதன் பேட்டரியைப் பயனரே மாற்றலாம், அதற்கு அதே ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, சில விதிவிலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பேட்டரிகளைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. 25,000 ரூபாய் மூன்று ஆண்டுகளில் மடிந்தால் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கு மேல். ஆறு ஆண்டுகள் உழைத்தால் அதில் பாதி. ஒலித்தரத்தைப் பற்றிய எந்த வாதமும், ஒலியே நின்றுபோன கருவியைக் காப்பாற்றாது. ‘நாளை இசைச் சேவைகள் எல்லாம் உயர்தெளிவுக்கு மாறும், அதற்காக இன்றே வாங்கி வைக்கலாம்’ என்ற வாதமும் இங்கேயே சாய்கிறது. அந்த நாளை வருவதற்குள் பேட்டரி முந்திக்கொள்ளும்.

அப்படியென்றால் மூவாயிரம் ரூபாய் இயர்பட்ஸே போதும், விலையுயர்ந்தது எல்லாம் ஏமாற்று என்று இதைப் படிக்கக் கூடாது. அது எதிர்த்திசையில் அதே சோம்பல். உயர்ந்த விலை உண்மையான பலன்களைத் தர முடியும்: நல்ல மைக்குகள், வேகமான இரைச்சல் நீக்கம், வெளியுலகை இயல்பாகக் கேட்கவிடும் வசதி, அடைப்பு சரியா என்று தானே சோதித்துச் சொல்லும் மென்பொருள், காதின் உள்ளே மைக் வைத்துக் கசிவுக்கேற்பச் சமனைத் திருத்தும் நுட்பம். 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏர்பாட்ஸ் புரோ இரண்டாம் தலைமுறைக்கான மென்பொருளைக் கடையில் நேரடியாகக் கிடைக்கும் காது கேட்கும் கருவியாக அனுமதித்தது. அத்தகைய மென்பொருளுக்கு அதுவே முதல் அனுமதி. இலேசான, நடுத்தர அளவிலான செவிக்குறை உள்ளவர்களுக்கு அது துணையாகிறது. எல்டாக் இல்லாததால் ‘இசைக்கு ஆகாது’ என்று ஒதுக்கப்பட்ட அதே கருவி இது. செவிப்பறைக்குச் சேரும் ஒலியை அளந்து, ஒவ்வொருவரின் காதுக்கேற்ப வடிவமைப்பதில் அது பெற்ற வெற்றிக்குக் கோடெக் எண் எந்த வகையிலும் காரணமில்லை. நுட்பம் எங்கே நுழைந்தால் மனிதருக்குப் பலன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே கருவியின் பேட்டரியை மாற்ற முடியாததை இதே உறுதியோடு குறை சொல்லவும் வேண்டும். அளவுகோல் ஒன்றாக இருந்தால் புகழ்ச்சியும் குறையும் ஒரே இடத்திலிருந்து வரும்.

‘சாதாரண வாசகருக்கு இவ்வளவு விளக்க முடியாது, எண் எளிது’ என்று விமர்சகர்கள் சொல்லலாம். செவிப்பறையை அளவுகோலாக வைக்கும் கேள்விகள் அதைவிட எளிது. எத்தனை அளவு டிப்புகள் வருகின்றன, அரை மணி நேரம் நடந்த பிறகும் அடைப்பு நிற்கிறதா? அதிர்வெண் வரைகோட்டில் குரல் எங்கே நிற்கிறது, பேஸ் எவ்வளவு? பேருந்துக்குள் ஒலியை எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது? அழைப்பில் எதிர்முனைக்குக் கேட்பது என்ன? வியர்வையைத் தாங்குமா? உத்தரவாதம் முடிந்த பின் பேட்டரியை மாற்ற வழி உண்டா, என்ன செலவு? இந்த ஆறு கேள்விகளில் எதற்கும் கோடெக்கின் பெயர் விடையாகாது. ஒவ்வொன்றுக்கும் விடை காண, பெட்டியைப் படிப்பதை விட்டுக் கருவியை வாரக்கணக்கில் பயன்படுத்த வேண்டும், அளக்க வேண்டும், பெயர் மறைத்து ஒப்பிட வேண்டும். விமர்சகரின் உழைப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த உழைப்பைச் செய்யாத விமர்சனம் விளம்பரத்தின் நீட்சியாக மட்டுமே இருக்க முடியும். வாங்குபவர்களும் கடையில் கேட்கும் முதல் கேள்வியை மாற்ற வேண்டும். ‘எல்டாக் இருக்கிறதா?’ என்று கேட்கும்வரை நிறுவனங்கள் எல்டாக்கை விற்கும். ‘என் காதில் அடைகிறதா, பேட்டரியை மாற்றித் தருவீர்களா?’ என்று கேட்கத் தொடங்கினால் அவற்றைச் செய்து விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.